தகடு பிடிக்கிறதுக்கு ஒரு ஆள்

உக்காருங்க அண்ணாச்சி, இந்த இடம் யாருக்கும் போட்டு வச்சது இல்ல. அசனப் பந்தியில, அதான் சபை விருந்துல, இடம் பிடிச்சு வைக்கிற பழக்கமெல்லாம் எங்க சபையில கிடையாது. யாரு வந்தாலும் வந்த வரிசைக்கு உக்காரணும், சாப்பிடணும், போகணும். நீங்க வெளியூரா? பாத்தாலே தெரியுது. யாரு வீட்டுக்கு வந்திருக்கீங்கன்னு கேக்கலாம், ஆனா அது எதுக்கு, கோயில் பண்டிகைக்கு வந்தவங்க எல்லாரும் நமக்கு விருந்தாளிதான். கறி வெந்திருச்சு, இப்பதான் சோறு வடிக்கிறாங்க. இலை போட இன்னும் நேரம் கிடக்கு. அதுவரைக்கும் பேசிக்கிட்டு இருப்போம். வாய் உள்ள பிள்ளை பிழைக்கும்னு எங்கம்மா சொல்லுவா. நான் அப்படிப் பிழைச்சவன்தான்.

என் பேரு வேதமுத்து. துறைமுகத்துக்குப் போற ரோட்டுல பீரோ பட்டறை வச்சிருக்கேன். இந்தத் தூத்துக்குடியில கல்யாணச் சீருக்குப் பீரோன்னா முதல்ல நம்ம பட்டறைக்குத்தான் வருவாங்க. தகடுன்னா நான், நான்னா தகடு, பாத்துக்கிடுங்க. இதை ஏன் முதல்லயே சொல்லுதேன்னா, பின்னால சொல்லப்போற சங்கதிக்கு இதுதான் அஸ்திவாரம்.

அங்கன பாருங்க, கோயில் முகப்புல. தூணுக்குப் பக்கத்துல நீலச் சேலை கட்டிக்கிட்டு குனிஞ்சு நிக்காள்லா, அதான் எங்க வீட்டம்மா. பியூலா. பெண்கள் ஸ்கூல்ல பிசிக்ஸ் டீச்சர். முன்னால ஒரு பெட்டி இருக்குல்லா, அது கிட்டாருக்குச் சத்தம் கொடுக்கிற ஆம்ப்ளிஃபயர். கடையில வாங்குனது இல்ல, அவளே பண்ணுனது. அந்தப் பெட்டியச் சரிச்சுப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தன் நிக்கான் பாருங்க, முழுக்கைச் சட்டைய மடிச்சு விட்டுக்கிட்டு. அவன் பேரு கிளாட்வின். போர்டு எழுதுற கடை வச்சிருக்கான். வயசு நாப்பதாச்சு, இன்னும் கல்யாணம் ஆகல. அவன் நிக்கானே, அது நான் நிக்க வேண்டிய இடம். நான் இங்கன பந்தியில உக்காந்திருக்கேன். இதுதான் சங்கதி.

சிரிக்காதீங்க. கேட்டுட்டுச் சிரிங்க.

எங்க வீட்டம்மா கல்யாணத்துக்கு முன்னாலயே கிட்டார் வாசிப்பா. பாடகர் குழுவுல எல்லாரும் ஆர்கன், தபேலான்னு இருக்கும்போது இவ ஒருத்திதான் கிட்டார். பிள்ளை பிறந்த பிறகு அதைப் பரண்ல போட்டுட்டா. போன வருஷம் மக நர்ஸிங் படிக்கப் போனதும் இறக்கித் தூசி தட்டுனா. சரி, வீடு வெறிச்சுனு இருக்கு, பொழுது போகட்டும்னு நானும் விட்டுட்டேன். அவ வாசிக்கும்போது நான் என்ன செய்வேன், பக்கத்துல உக்காந்து அன்னைக்குப் பட்டறையில நடந்ததைச் சொல்லுவேன். அவளுக்கும் துணை வேணும்லா.

இந்த லெந்து, அதான் தவக்காலத்துக்கு முன்னால ஒரு நாள், பண்டிகைக்கு நானே ஒரு ஆம்ப்ளிஃபயர் பண்ணப்போறேன்னா. கோயில்ல இருக்கிறது கொர்ருனு இரையுதாம். பழைய ரேடியோவுல கண்ணாடிக் குப்பி மாதிரி இருக்குமே வால்வு, அதை வச்சுப் பண்ணுனாத்தான் சத்தம் இதமா இருக்குமாம். வால்வுன்னா தண்ணிப் பைப்புல உள்ளதுன்னுதான் எனக்குத் தெரியும். பண்ணு, யாரு வேண்டாம்னான்னேன். ராத்திரி சாப்பாட்டு மேசையில படம் படமா வரைவா. ஒருநாள் சொல்லுதா, 'சேஸிஸ்ல ஓட்டை போடுறதுதான் கஷ்டமான வேலை'ன்னு. சேஸிஸ்னா லாரிக்கு அடியில இருக்கும்லா, அதுன்னு நினைச்சு நான் பயந்துட்டேன். அப்புறம் பாத்தா, இத்தனூண்டு அலுமினியத் தகடு. நாலு பக்கமும் மடக்கி, பிஸ்கட் டின் மூடியக் கவுத்தின மாதிரி. அதுல வால்வு உக்காரப் பெரிய ஓட்டை, திருகு போகச் சின்ன ஓட்டை, ட்ரான்ஸ்ஃபார்மர் உக்காரச் சதுர ஓட்டை. அதுக்குப் பேரு சேஸிஸாம்.

நீங்களே சொல்லுங்க. ஓட்டை போடுறதுதானே நம்ம தொழில். கைப்பிடிக்கு ஓட்டை, பூட்டுக்கு ஓட்டை, கீலுக்கு ஓட்டை. இவளுக்கு வாய்ச்ச புருசன் தகட்டுக்காரன். வேற எந்த டீச்சருக்கு இந்தக் கொடுப்பினை இருக்கு?

கொண்டுவந்தா. இல்லங்கல, முதல்ல எங்கிட்டத்தான் கொண்டுவந்தா. ஸ்கூல் விட்டு நேரா பட்டறைக்கு வந்தா, கையில தகடு. 'நான் துளைக்கேன், நீங்க பிடிச்சுக்கிடுங்க, போதும்'னா. பட்டறை முதலாளி நான், எங்கிட்டப் பிடிச்சுக்கிடச் சொல்லுதா. சரி போகட்டும்னு வாங்கித் தட்டிப் பாத்தேன். பப்படம் மாதிரி இருக்கு. 'இது என்ன தகடு, பீரோத் தகட்டுல பண்ணித் தாரேன், உன் பேரன் காலம் வரைக்கும் இருக்கும்'னேன். அலுமினியம்தான் வேணுமாம், இரும்புல இரைச்சல் ஏறுமாம். 'சரி, ஒரு பூட்டாவது வைப்போம், முன்னால ஒரு கண்ணாடி பதிப்போம், பச்சைப் பெயிண்ட் அடிப்போம்'னேன். அவ பிடிங்கன்னா. பிடிச்சேன். அந்த நேரம் பாத்து ஒரு கல்யாணப் பார்ட்டி பீரோ பாக்க வருது. வந்தவங்களை வாங்கன்னு சொல்ல வேண்டாமா? 'இந்தா இவதான் எங்க வீட்டம்மா, ரேடியோ ஸ்டேஷன் தொடங்கப் போறா'ன்னு ஒரு கைய நீட்டிக் காட்டுனேன். ஒரே ஒரு கைதான் எடுத்தேன். ட்ரில் கவ்வித் தகடு சுழண்டிருச்சு. அவ பெருவிரல்ல லேசா ஒரு கீறல். மெல்லிசுத் தகடு சுழலாம என்ன செய்யும், அது என் குத்தமா? பீரோத் தகடுன்னா அசைஞ்சிருக்காது. அதைத்தான் நான் முதல்லயே சொன்னேன்.

விரலைச் சேலைத் தலைப்புல சுத்திக்கிட்டா. 'இருக்கட்டும்'னா. தகட்டை எடுத்துப் பைக்குள்ள வச்சுக்கிட்டுப் போயிட்டா. எங்க வீட்டம்மா சண்டை போடமாட்டா, பாத்துக்கிடுங்க. இருக்கட்டும்பா. அந்த இருக்கட்டும் இருக்கே, அதை எந்த ரம்பத்தை வச்சும் அறுக்க முடியாது.

அப்புறம் ஒரு பத்து நாள் கழிச்சு, சாயங்காலம் வீட்டுக்கு வந்தா மண்ணெண்ணெய் வாசம் அடிக்குது. வீட்டுல கேஸ் அடுப்பு. மண்ணெண்ணெய் எங்கேயிருந்து வந்துச்சு? மோந்துக்கிட்டே போனா, அவ கையில. ஸ்கூல்ல இருந்து வாரவ கையில சாக்பீஸ் தூசி இருக்கலாம், மண்ணெண்ணெய் எப்படி இருக்கும்? எவனோ ஒருத்தன் பட்டறைக்குப் போயிருக்கா. ஏன்னா எனக்குத் தெரியும். அலுமினியத்துல ஓட்டை போடும்போது சூடு ஏறி ஒட்டாம இருக்க, ரெண்டு சொட்டு மண்ணெண்ணெய் விடுவோம். தொழில்காரனுக்கு மட்டும்தான் தெரிஞ்ச வாசம் அது. வேற ஒரு புருசனா இருந்தா சேலையில சென்ட்டு வாசத்தைத் தேடுவான். என் தலையெழுத்து, நான் மண்ணெண்ணெயத் தேடினேன்.

எவன் பட்டறைன்னு கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? மறுநாள் பின்னாலயே போனேன். கிளாட்வின் கடை. நம்பர் பிளேட்டு அடிக்க அவன் ஒரு ஸ்டாண்டு ட்ரில்லிங் மிஷின் வச்சிருக்கான். எதுத்தாப்புல டீக்கடையில நின்னு பாத்தேன். இவ மிஷினோட கைப்பிடியப் பிடிச்சு மெதுவா இறக்குதா. அவன் தகட்டை ரெண்டு கையாலயும் அமுக்கிப் பிடிச்சிருக்கான். அவ நிப்பாட்டுனா அவன் சொட்டு மண்ணெண்ணெய் விடுதான். அவ தலைய ஆட்டுனா தகட்டைத் திருப்புதான். ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசல அண்ணாச்சி. நான் ஒரு டீ குடிச்சு, இன்னொரு டீயும் குடிச்சு முடிச்சேன், ஒரு வார்த்தை பேசல.

பேசிச் சிரிச்சிருந்தாக்கூட என் மனசு ஆறியிருக்கும். கடைக்காரனும் டீச்சரும் பேசுதாங்க, உலகத்துல நடக்கதுதானே. பேசாமயே அவளுக்கு என்ன வேணும்னு அவனுக்குத் தெரியுதே, அது எப்படி? கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அவ தலைய ஆட்டுனா எதுக்கு ஆட்டுதாள்னு நான் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிடுதேன். பொறாமைன்னு சொல்லுவீங்க. சொல்லிக்கிடுங்க. ஆமா, பொறாமைதான். வீட்டுல வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலையுதாளேன்னு வயிறு எரிஞ்சுது. அந்த ரெண்டு டீயும் எனக்கு இறங்கல.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். சுத்தி வளைக்கல. 'அவன்ட்ட அப்படி என்ன இருக்கு?'

'யாருட்ட?'

'கிளாட்வின்ட்ட.'

அவ முருங்கைக்காய் நறுக்கிக்கிட்டு இருந்தா. தலை தூக்கல. 'அவன்ட்ட ஒண்ணும் இல்ல. பேசாமப் பிடிப்பான்'னா.

இது ஒரு பதிலா? நான் கேட்டது ஒண்ணு, அவ சொன்னது ஒண்ணு. மழுப்புதாள்னு அப்பவே எனக்குப் புரிஞ்சு போச்சு. ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொல்லி வச்சாங்க? பேசுதவன் மனசுல என்ன இருக்குன்னு தெரிஞ்சிரும். நான் இருக்கேன், என் மனசுல உள்ளது இந்நேரம் உங்களுக்கு முழுசாத் தெரியும். அவன் கல்லுளிமங்கன். அவன் மனசுல என்ன இருக்குன்னு யாரு கண்டா?

சரி, நேராப் போயி உக்காந்துருவோம்னு முடிவு பண்ணுனேன். சும்மா போக முடியாதுல்லா, பட்டறைக்கு ஒரு போர்டு எழுதணும்னு சொல்லிக்கிட்டுப் போனேன். சாயங்காலமானா அவன் கடையில ஒரு ஸ்டூலு எனக்கு. அவங்க பாட்டுக்கு ஓட்டை போடுவாங்க, நான் ரெண்டு பேருக்கும் பேச்சுத் துணை. பாவம், அவ்வளவு நேரம் பேசாம நின்னா ஆளுக்குப் பைத்தியம் பிடிச்சிராதா? துளைக்கிற வாகு சரியில்லன்னா அதையும் சொல்லுவேன். கிளாட்வின் ம்-ம்பான். மூணு போர்டு எழுதியாச்சு. ஒண்ணு பட்டறை வாசல்ல, ஒண்ணு வீட்டு வாசல்ல, ஒண்ணு மாட்ட இடம் இல்லாமக் கட்டிலுக்கு அடியில கிடக்கு. நாலாவது போர்டுக்குப் போன அன்னைக்கு ஷட்டரைப் பாதி இறக்கிட்டான். 'சில்லு தெறிக்கும் அண்ணாச்சி, வெளிய நிக்கதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு'ங்கான். அவன் எங்கிட்டப் பேசுன நீளமான பேச்சு அது ஒண்ணுதான்.

நான் ரோட்டுல நிக்கேன். பாதி ஷட்டருக்குக் கீழ எங்க வீட்டம்மா செருப்பு தெரியுது, அவன் செருப்பு தெரியுது. போற வாரவன் எல்லாம், 'என்ன வேதமுத்தண்ணே, போர்டுக்கா'ன்னு கேக்கான். ஆமா, போர்டுக்குத்தான்னு சொல்லிக்கிட்டு நிக்கேன்.

இதுல நடுவுல ஒரு தகடு வீணாப் போச்சு. சதுர ஓட்டை அறுக்கும்போது ஓரம் கிழிஞ்சிருச்சாம். எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்லல. அவ புதுத் தகடு வாங்கி மடக்கி, ஓட்டை எங்கெங்கே வரணும்னு ஒரு காகிதத்துல புதுசா வரைஞ்சு, சாப்பாட்டு மேசையில வச்சிட்டு ஸ்கூலுக்குப் போயிட்டா. சனிக்கிழமை கிளாட்வின் கடைக்குப் போறதா ஏற்பாடு. அன்னைக்கு வெள்ளிக்கிழமை.

அப்பதான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு. சொல்லவே வேண்டாம், செஞ்சு காட்டிருவோம். தகட்டையும் காகிதத்தையும் பட்டறைக்கு எடுத்துட்டுப் போனேன். வேற எல்லா வேலையவும் நிப்பாட்டுனேன். காகிதத்தைத் தகட்டுல ஒட்டி, புள்ளி புள்ளியாப் பஞ்ச் அடிச்சு, ஓட்டையப் போட்டேன் பாருங்க. வட்டம்னா நிலா மாதிரி வட்டம். சதுரத்துக்கு நாலு மூலையும் அரத்தால தேய்ச்சு எடுத்தேன். கைய வச்சுத் தடவுனா ஒரு பிசிறு இருக்காது. அன்னைக்கு நான் யாருட்டயும் பேசக்கூட இல்லன்னா நம்புவீங்களா? பேச யாரும் இல்ல, வேலைக்காரங்களுக்கெல்லாம் லீவு கொடுத்துட்டேன்.

சாயங்காலம் மேசையில வச்சு, மேல ஒரு துண்டைப் போட்டு மூடி வச்சிருந்தேன். வந்தா. துண்டை எடுத்துப் பாத்தா. முகத்துல அப்படி ஒரு வெளிச்சம் வந்துச்சு அண்ணாச்சி, அதை நான் பாத்தேன், அதை யாரும் இல்லன்னு சொல்ல முடியாது. ஓட்டை ஒவ்வொண்ணுலயும் விரலை விட்டுப் பாத்தா. அப்புறம் தகட்டைக் கவுத்துனா. திரும்ப நிமுத்துனா. திரும்பக் கவுத்துனா.

'காகிதத்தை எந்தப் பக்கம் ஒட்டுனீங்க?'

'வெளிப்பக்கம்தான். ஏன்?'

'இது உள்பக்கத்துல இருந்து பாக்கிற படம்'னா. 'வயர் எல்லாம் உள்ள இருந்துதான் போடணும், அதனால அங்கேயிருந்து வரைஞ்சிருக்கேன். வெளிய ஒட்டுனா எல்லாம் இடம் வலமா மாறிரும்.'

அண்ணாச்சி, பீரோக்காரன் எவனாவது உள்பக்கத்துல குறிப்பானா? பீரோவுக்கு முகம் வெளிய. எங்கப்பா எனக்குக் கையில உளியக் கொடுத்த அன்னைக்குச் சொன்ன முதல் பாடம் அது, வெளிப்பக்கம் பாத்துக் குறிக்கணும்லேன்னு. இத்தனை வருஷத்துல ஒரு பீரோக் கதவு எனக்கு மாறினது இல்ல. காகிதத்து மூலையில 'உள்'னு எழுதியிருக்கேன்னு காட்டுதா. இருந்துச்சு, நானும் பாத்தேன். உள்னா என்னன்னு நினைப்பேன்? யாரு உள்ள, எது உள்ள? உள்பக்கம் ஒட்டவும்னு முழுசா எழுதியிருந்தா முடிஞ்சு போச்சு. எங்க வீட்டம்மாவுக்கு வார்த்தையச் செலவழிக்க மனசே வராது. எல்லாத் தொல்லையும் அதுலதான் வருது. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் ஆயிரம் வார்த்தை சொல்லியிருப்பேன்.

திட்டுவாள்னு நினைச்சேன். திட்டல. இருக்கட்டும்னும் சொல்லல. அதைக்கூடச் சொல்லலன்னதும் எனக்குப் பயம் வந்துருச்சு. தகட்டைக் கொண்டு போய் அடுக்களைச் சுவர்ல ஆணி அடிச்சு மாட்டிட்டா. இப்ப அதுல கரண்டி எல்லாம் தொங்குது. வால்வு ஓட்டையில குழம்புக் கரண்டி, திருகு ஓட்டையில சின்னக் கரண்டி. எவ்வளவு பாந்தமா இருக்குங்கீங்க. தினமும் எடுத்துப் புழங்குதா. கிளாட்வின் பிடிச்ச தகடு பெட்டிக்குள்ள இருட்டுல கிடக்கு, யாரு பாக்கப் போறா? நான் அறுத்த தகட்டைத்தான் அவ காலையில எழும்பி முதல்ல தொடுதா. இதை நான் நாலு பேருட்டச் சொல்லியிருக்கேன்.

இருந்தாலும் மனசு கேக்க மாட்டேங்குது. சனிக்கிழமை வேற தகட்டோட அவன் கடைக்குத்தான் போனா. மண்ணெண்ணெய் வாசத்தோட வந்தா.  அவ முகத்துல ஒரு நிம்மதி இருந்துச்சு பாருங்க, வேலை ஒழுங்கா முடிஞ்சவளுக்கு வருமே அது. அது எங்கிட்ட இருந்து வந்திருக்கணும் அண்ணாச்சி. எனக்கு வேற எதுவும் வேண்டாம். நாளைக்கு இன்னொரு பெட்டி பண்ணுனான்னா, 'நீங்க வந்து பிடிங்க'ன்னு அவ வாயால ஒரு தடவை சொல்லணும். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் காத்துக்கிட்டு இருக்கேன். இருங்க, நீங்க என்னமோ சொல்ல வாரீங்க, நான் இதை முடிச்சிருதேன்.

அந்தா பாருங்க, கமிட்டிக்காரர் கிளாட்வினக் கூப்பிடுதாரு. சோத்து வாளி தூக்க ஆள் பத்தலைபோல. பெட்டியக் கீழ வச்சிட்டான். போறான். போயிட்டான். ஆண்டவர் கண்ணைத் திறந்துட்டாரு.

இப்ப அவ தனியா நிக்கா. பெட்டியச் சரிச்சுப் பாக்கா, ஒத்தையில முடியல. உள்ள ஏதோ திருகு கழண்டிருக்கும், ஒரு ஆள் பிடிச்சாத்தான் முறுக்க முடியும். சாயங்கால ஆராதனைக்கு முன்னால முடிக்கணும்லா. சுத்தும் முத்தும் பாக்கா. கூட்டத்துல என்னைத் தேடுதா. இங்கனதான் வாரா, பாருங்க, நேரா நம்மளப் பாத்துத்தான் வாரா. என் சட்டைக் காலர் சரியா இருக்கா? நான் சொல்லலையா, கடைசியில தகட்டுக்காரன்ட்டத்தான் வரணும். என் இடத்தைக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க அண்ணாச்சி, யாரும் உக்காந்திரப் போறாங்க.

என்ன பியூலா? ஆள் வேணுமா? சொல்லவே வேண்டாம், நான் அப்பவே பாத்துட்டேன். திருகுதானே? ஒரு ஆள் ஆடாமப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும், அவ்வளவுதானே? இந்தா எழும்பிட்டேன். கால் மரத்துப் போச்சு, அது ஒண்ணும் இல்ல, நட. நான் இவர்ட்ட இப்பதான் சொல்லிக்கிட்டு இருந்தேன், நீ ஒரு வார்த்தை சொன்னா நான்...

நீ யாரைப் பாக்க? இவரையா?

'அண்ணாச்சி, நீங்க கொஞ்சம் வாரீங்களா'ன்னு இவர்ட்டயா கேக்க? இவரு விருந்தாளி பியூலா. சாப்பிட உக்காந்திருக்காரு. இவருக்குத் தகட்டைப் பத்தி என்ன தெரியும்? ஆளே யாருன்னு எனக்குத் தெரியாது. இவ்வளவு நேரமா பக்கத்துல இருக்காரு, வாயத் திறந்து ஒரு வார்த்தை பேசல.

நீங்க ஏன் எழும்புறீங்க அண்ணாச்சி? உக்காருங்க. அவ ஏதோ தெரியாமக் கேக்கா. அது என்ன, சட்டைக் கைய மடிச்சு விடுதீங்க? நில்லுங்க, உங்களத்தான். உங்க பேரு என்ன? எந்த ஊரு? உங்களுக்கு இவளை முன்னாலயே தெரியுமா?